மணிலாப் புளி ரசம்

ஒரு தேசத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால் அதன் சரித்திரத்தைப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் மணிலா நகரில் பதினைந்து நாட்கள் தங்கினோம். அதன் பிறகு, சரித்திரத்தில் பாதி அடுப்பங்கரையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

பிலிப்பைன் தீவுகளின் மக்கள் நம்மைப் போலவே சோற்றில் உயிர் வைத்தவர்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வதுபோல் அவர்களும் பலாய், பிகாஸ், கானின் என்று மூன்று சொற்கள் வைத்திருக்கிறார்கள். முருங்கைக்கு அவர்கள் பாஷையில் மலுங்கை என்று பெயர். இப்படிப்பட்ட ஊரில் பட்டினி கிடக்க நேராது என்ற தைரியம் நமக்கு முதல் நாளே வந்துவிட்டது.

நாம் தங்கிய வீட்டு அம்மாள் அன்று சினிகாங் செய்திருந்தார். பிஞ்சுப் புளியங்காயை வேகவைத்து மசித்து, அந்தச் சாற்றில் முள்ளங்கியும் கத்தரிக்காயும் வள்ளைக்கீரையும் மீனும் சேர்த்துக் கொதிக்க வைப்பதுதான் சினிகாங். பருப்பு கிடையாது, பெருங்காயம் கிடையாது, தாளிதமும் கிடையாது. ஆனாலும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டதும், மயிலாப்பூருக்கும் மணிலாவுக்கும் இடையே கடல் இருப்பதே மறந்துபோயிற்று.

அவர்களுடைய மற்றொரு பேர்பெற்ற பதார்த்தம் அடோபோ. கோழியையோ பன்றி இறைச்சியையோ காடி, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சோயாச் சாறு ஆகியவற்றில் நிதானமாக வேகவைப்பது. பெயர் ஸ்பெயின் தேசத்தாருடையது. சோயாச் சாறு சீன வியாபாரிகளின் வழியாக வந்தது. ஆனால் உஷ்ண தேசத்தில் இறைச்சி கெடாதபடி காடியில் சமைக்கும் முறை அந்தத் தீவுகளின் சொந்த முறை. 1613-இல் அச்சான தகாலோக் மொழி அகராதியிலேயே இது சுதேசிகளின் அடோபோ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர்கள் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். சுவை வீட்டுக்காரர்களிடமே தங்கிவிட்டது.

சிற்றுண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலையில் மாதா கோயில் பூஜை நடக்கிறது. பூஜை முடிந்து வருகிறவர்களுக்காக வாசலிலேயே அடுப்புகள் எரிகின்றன. வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசிமாவை ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டெடுப்பது பிபிங்கா. கருஞ்சிவப்பு அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவித் தருவது பூத்தோ பும்போங். நம் குழாய்ப் புட்டுக்கு அது என்ன உறவு என்பதைப் பண்டிதர்கள் ஆராயட்டும். நாம் இரண்டாவது குழாய்க்குக் கை நீட்டினோம். கூடவே சலபாத் என்னும் இஞ்சிக் கஷாயம். பகல் வெயிலுக்கோ ஹாலோ ஹாலோ இருக்கிறது. சீவிய பனிக்கட்டி, பால், இனிப்புப் பயறு, பழம் எல்லாம் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில்! கலந்து சாப்பிடு என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

இனி, மணத்தால் பிரசித்தி பெற்ற ஒன்றுக்கு வருவோம். சிறு மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டுப் பல வாரங்கள் ஊறவைத்த பகோவோங் அது. பச்சை மாங்காயை அதில் தொட்டுத் தின்பார்கள். 1609-இல் மொர்கா என்னும் ஸ்பானிய அதிகாரி தம் நூலில், இந்த ஜனங்கள் அழுகத் தொடங்கிய மீனை விரும்புகிறவர்கள் என்று எழுதிவிட்டார். ஏறக்குறைய 280 வருஷங்களுக்குப் பிறகு, தேசபக்தர் ஹோசே ரிஸால் அந்த நூலை 1890-ஆம் வருஷப் பதிப்பாகக் குறிப்புரையுடன் வெளியிட்டபோது, இந்த வரியைச் சும்மா விடவில்லை. பழகாத உணவைக் கண்டு அருவருப்பது எல்லா ஜாதியாருக்கும் உள்ள குணம். பகோவோங்கை ருசித்தவர்களுக்கு அது அழுகியது அல்ல என்று தெரியும் என்று பதில் எழுதினார். 1896 டிசம்பர் 30-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் மக்களின் தட்டில் இருந்ததையும் மானத்தோடு சேர்த்துக் காக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

அதே காரியத்தை வேறு வழியில் செய்தவர் மரியா ஒரோஸா அம்மையார். அமெரிக்காவில் ரசாயனம் படித்து 1922-இல் தாய்நாடு திரும்பியவர். வெளிநாட்டுத் தக்காளிச் சாறு எதற்கு என்று வாழைப்பழத்திலேயே அதற்கு ஈடான ஒன்றைச் செய்து காட்டினார். மின்சாரம் இல்லாத வீடுகளுக்காக மண்பானை அடுப்பு ஒன்றை அமைத்தார். யுத்த காலத்தில் அவர் தயாரித்த சோயா மாவு, சிறைமுகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு ரகசியமாகப் போய்ச் சேர்ந்தது. 1945 பிப்ரவரியில் மணிலாப் போரில் குண்டுச் சிதறல் பட்டு உயிர் துறந்தார்.

இவ்விருவரையும் பற்றி நம் வகுப்பில் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மத்தியான்னச் சாப்பாட்டில் கருவாடு கொண்டுவரும் ஒரு பையன், மற்றவர்களின் பரிகாசத்துக்கு அஞ்சி மாடிப்படியின் அடியில் தனியே உட்கார்ந்து தின்று வந்தான். யாரையும் கண்டிக்காமல் ரிஸாலின் கதையை மட்டும் சொன்னோம். மறுநாள் அவன் மற்றவர்களோடு உட்கார்ந்தான். இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருவன் மாத்திரம் தன் தயிர்ச் சோற்றை நீட்டி, "கொஞ்சம் கொடுடா, பார்க்கலாம்" என்றான்.