கண்ணெதிரே ஒரு தீவு

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் விரல்போல நீண்டு கிடக்கும் நிலம் டிங்கிள் தீபகற்பம். அதன் மேற்கு முனையைச் சுற்றிவரும் ஸ்லே ஹெட் சாலையில் மூன்று நாள்களைக் கழிக்கும் வாய்ப்பு அண்மையில் எங்களுக்குக் கிட்டியது. காட்சி முனைகளும் பழங்காலக் கற்கட்டடங்களும் நிறைந்த சாலை அது. ஆனால் எங்களை அங்கே இழுத்தது, சாலைக்கு எதிரே கடலில் கிடக்கும் பெரிய பிளாஸ்கெட் தீவுதான். அத்தீவில் இறங்கவே போனோம், இறங்காமலே திரும்பினோம்.

காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் இருவருக்கும் தமிழ் கற்பிப்பதே தொழில். தன்வரலாறு பற்றிய வகுப்புகளில் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நூலைப் பல ஆண்டுகளாக மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறோம். 1929இல் ஐரிஷ் மொழியில் வெளிவந்த, தோமாஸ் ஓ க்ரிஹான் என்னும் மீனவரின் வாழ்க்கைக் கதை அது. தம் தாய்மொழியை எழுத அவர் கற்றதே வளர்ந்த பின்புதான். 1933இல் அதே தீவின் இளைஞர் முய்ரிஷ் ஓ சூலவானின் நூல் வந்தது. 1936இல் பெக் சேயர்ஸ் என்ற மூதாட்டியின் நூல். அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டார். 1916இல், மக்கள்தொகை உச்சத்தில் இருந்தபோதே, அத்தீவில் 176 பேர்தான். அவ்வளவு சிறிய ஊரிலிருந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று நூல்கள்! அவர்கள் பேச்சைக் கற்க நார்வேயிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அறிஞர்கள் வந்து தங்கினார்கள். அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் ஆசை.

முதல் நாள் டிங்கிள் ஊரிலிருந்து காலையிலேயே புறப்பட்டோம். ஒருபக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கடல், இடையில் ஒரு வண்டி ஒதுங்கினால்தான் இன்னொன்று செல்லத்தக்க சாலை. வழியில் டன்பெக் கோட்டை வந்தது. செங்குத்தான பாறை விளிம்பில் பழங்காலத்தார் எழுப்பிய கற்கோட்டை. 2014ஆம் ஆண்டின் கடும்புயலில் அதன் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்துபோயிற்று. அடுத்து, கவிழ்த்த தேன்கூடுபோல் கல்லடுக்கிக் கட்டிய சிறுகுடில்கள். ஸ்லே ஹெட் முனையில் சாலை வளைந்ததும் தீவுகள் மொத்தமும் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வந்தன. வண்டிகள் நிற்பதும், படம் எடுப்பதும், போவதுமாக இருந்தன. நாங்களும் அதையே செய்தோம்.

டன்குவின் படகுத்துறை பாறைகளின் அடியில் இருக்கிறது. பாம்புபோல் வளைந்து இறங்கும் சிமெண்டுப் பாதையில் கீழே போனால், படகு இல்லை என்றார்கள். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்குக் கடல் அமைதியாகவே தெரிந்தது. தீவின் கூரையற்ற வீட்டுச் சுவர்கள்கூடத் தெரிந்தன. “இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே?” என்று எங்களில் பொறுமை குறைந்தவர் கேட்டார். படகுக்காரர் சிரித்தார். “பக்கம்தான். போய்விடலாம். அங்கே இறங்க முடியாது. அலை தூக்கி அடிக்கும். நாளைக்கு வாருங்கள்” என்றார். இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று முணுமுணுத்தபடியே பாதை ஏறினோம்.

வடக்கே க்ளோகர் முனையிலிருந்து பார்த்தால் இனிஷ்டூஸ்கெர்ட் என்னும் தீவு, மல்லாந்து படுத்த மனிதனைப்போலவே தோன்றும். தலை, மார்பு, மடித்த கைகள், வயிறு எல்லாம் துல்லியம். ‘உறங்கும் அரக்கன்’ என்று பயணக் கையேடு சொன்னது. படத்துக்கு அதையே பெயராகக் குறித்துக்கொண்டோம்.

காலரஸ் வழிபாட்டறையை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுண்ணச்சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் சற்றே உள்ளே தள்ளி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கவிழ்த்துப் போட்ட படகின் வடிவம். அது 8ஆம் நூற்றாண்டினதா, 12ஆம் நூற்றாண்டினதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்து நின்றோம். வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மழைநீர் வெளிப்புறமாகவே வழியும்படி கற்களைச் சாய்த்து வைத்த கைகளை எண்ணிக்கொண்டோம். அருகிலுள்ள கில்மால்கெடார் தேவாலய முற்றத்தில் ஓர் ஓகம் கல். கல்லின் விளிம்பில் கோடுகளாகக் கீறி, கீழிருந்து மேலாகப் படிக்கும் எழுத்து அது. இன்னார் மகன் இன்னார் என்று ஒரு பெயர், அவ்வளவே. நடுகல் படித்துப் பழகிய கண்களுக்கு அது அயலாகப் படவில்லை.

இரண்டாம் நாளும் படகு இல்லை. வேறு வழியின்றி டன்குவினில் 1993இல் திறக்கப்பட்ட பிளாஸ்கெட் மையத்துக்குள் போனோம். அங்கே பணியிலிருந்த அம்மையாரிடம் உறங்கும் அரக்கனைப் பற்றிக் கேட்டோம். “ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். எங்கள் மொழியில் அது ஃபர் மரவ், இறந்த மனிதன்” என்றார். குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

அந்த மையத்தில்தான் நாங்கள் நூல்களில் படித்து முடித்த இடத்துக்குப் பிந்திய கதையை நிதானமாகப் படித்தோம். இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பலர் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறினார்கள். பள்ளி மூடப்பட்டது. தார் பூசிய துணிப்படகுகளை வலிக்கத் தோள்கள் போதவில்லை. 1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலில் விழுந்தான். கடல் கொந்தளித்தது. மருத்துவர் வர இயலவில்லை. அவன் இறந்தான். 1953 நவம்பர் 17 அன்று அரசு தீவைக் காலி செய்யத் தொடங்கியபோது அங்கே எஞ்சியிருந்தவர்கள் 22 பேர்.

மையத்தின் நீண்ட நடையின் முடிவில் ஒரு பெரிய கண்ணாடிச் சாளரம். அதில் தீவு நிறைந்து தெரிகிறது. நிலத்துக்கும் தீவுக்கும் இடையிலுள்ள கடல் மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கிலோமீட்டர் அளவுதான். முதல் நாள் படகுத்துறையில் நாங்கள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த இளைஞனின் வீட்டாரும் நினைத்திருப்பார்கள். அவர்கள் ஊர் இக்கரையை நோக்கித்தான் இருக்கிறது. வாசலில் நின்றால் டன்குவின் தெரியும். தெரிவது வேறு, சேர்வது வேறு என்பதை அவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் படித்தார்கள். எங்களுக்கோ அது பயணத் திட்டத்தில் வந்த ஓர் இடையூறு. வெட்கமாக இருந்தது. அந்நூலை வகுப்பில் எடுத்துரைத்தபோதெல்லாம் தீவின் தனிமை, எளிமை, அழகு என்றுதான் பேசியிருக்கிறோம். கரையில் நின்று படம் எடுப்பவரின் பார்வைதான் அதுவும் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் நண்பகலுக்குள் புறப்பட வேண்டியிருந்தது. காலையில் டன்குவின் கல்லறைத் தோட்டத்தில் பெக் சேயர்ஸின் கல்லறையைத் தேடிப் போனோம். 1942இல் தீவை விட்டு வந்தவர் 1958இல் மறைந்தார். கல்லறைக்கு எதிரே கடல்; கடலுக்கு அப்பால் தீவு. தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கும் இந்த டன்குவினில்தான் வீடு தரப்பட்டது. எஞ்சிய நாளெல்லாம் அவர்கள் தங்கள் வெற்றில்லங்களைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்க வேண்டும். நாங்கள் காட்சி முனை என்று வண்டியை நிறுத்திய கரையோரம் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்?

அப்போது கீழே ஒரு படகு தீவை நோக்கிக் கிளம்பியது. மூன்று நாள்களில் நாங்கள் கண்ட முதல் படகு. வெண்ணிறக் கோடொன்றை இழுத்துக்கொண்டு போய், சற்று நேரத்தில் தீவின் நிழலோடு கலந்துவிட்டது. அதில் நாங்கள் இல்லை என்பது பெரிய குறையாக அப்போது தோன்றவில்லை.

ஊர் திரும்பிப் படங்களை அடுக்கியபோது, ‘உறங்கும் அரக்கன்’ என்று குறித்திருந்ததை அடித்துவிட்டு ‘இறந்த மனிதன்’ என்று எழுதினோம். வரும் பருவத்தில் அந்நூலைப் பற்றிப் பேச வேண்டிய வகுப்பு ஒன்று இருக்கிறது. இந்தமுறை தீவின் அழகிலிருந்து தொடங்குவதாக இல்லை. இடையில் கிடக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர் கடலிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம்.