சின்னாள் வாழ்ந்த இசை

நெடுங்காலம் நிலைத்ததே சிறந்தது என்பர் பலர். 'கிரீம்' என்னும் பிரித்தானிய இசைக்குழுவின் பாடல்கள் அக்கூற்றிற்கு மறுப்பாய் நிற்றலை யாம் காண்கின்றோம்.

1966ஆம் ஆண்டு இலண்டனில் மூவர் கூடினர். எரிக் கிளாப்டன் புளூஸ் இசையில் ஊறிய கிதார் வல்லுநர். ஜாக் புரூஸ் கிளாஸ்கோவில் செல்லோ பயின்றவர். ஜிஞ்சர் பேக்கர் ஜாஸ் அரங்குகளில் முரசு முழக்கிப் பழகியவர். பின்னிருவரும் முன்னரே வேறொரு குழுவிற் பூசலிட்டவர். ஆயினும் மேடையேறின், ஒருவரையொருவர் விஞ்சும் வேட்கையால், சிறு பாடலொன்றைப் பதினைந்து நிமிடத்திற்கு மேலும் விரித்துச் செல்வர். 1967இல் வெளியான 'டிஸ்ரேலி கியர்ஸ்' இசைத்தட்டிற் கனவுமயக்கம் போன்ற சைக்கடெலிக் சாயலும் கலந்தது.

அவ்வேட்கையே இசைக்கு உயிராயிற்று, குழுவிற்கு நஞ்சுமாயிற்று. மேடையில் ஒருகால் தாம் வாசிப்பதை நிறுத்தியும் மற்றை இருவரும் அதனை அறிந்திலர் எனக் கிளாப்டன் பிற்காலத்திற் கூறினார். 1968 நவம்பர் 26ஆம் நாள் ராயல் ஆல்பர்ட் மண்டபத்திற் குழு விடைபெற்றது. 2005இல் அம்மண்டபத்திலேயே நான்கு இரவுகள் மூவரும் மீண்டும் இசைத்தனர்.

எம்முடன் பாடும் நண்பர் இருவர் இவ்வாண்டு தம்முட் பேசுவதிலர். அவர்தம் குரல்கள் சேருங்கால் பிறக்கும் இனிமையை யாம் அறிவோம். வன்மை மட்டும் போதாது, செவியும் வேண்டும். நண்பர்காள், பிரியுமுன் ஒருவரையொருவர் ஒருமுறை கேண்மின்!