சத்தமா வாசி

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேமில் வேலை பார்த்தார். ராத்திரி ஷிப்ட் காலை ஏழு மணிக்கு விடும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, தெருமுனை டீக்கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு பெஞ்சில் உட்காருவார். ஏழே காலுக்கு ரேடியோவில் டெல்லிச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வந்துவிட்டால் கடைக்காரர் டீ ஆற்றுவதைக்கூட நிறுத்திவிடுவார். செய்தி முடிந்ததும் என் வேலை தொடங்கும். பேப்பர் வாசிக்க வேண்டும். 1979இல் எனக்குப் பதின்மூன்று வயது.

கடைக்கு தினத்தந்தியும் தினமணியும் வரும். கொஞ்ச நேரத்தில் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு பெஞ்சாகப் போய்விடும். அதற்கு முன்னால் முதல் பக்கத்தையும் தலையங்கத்தையும் நான் வாசித்தாக வேண்டும். தினமணியில் ஏ.என். சிவராமன் ‘கணக்கன்’ என்ற பெயரில் எழுதும் கட்டுரை வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நீளமாக இருக்கும். பட்ஜெட், பஞ்சு விலை, நெல் கொள்முதல் என்று எண்களாக வரும். ஆனால் கேட்கிறவர்கள் அசைய மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவர் கறுப்புச்சட்டை மாமா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியவர். பெரியார் கட்சிக்காரர். பாதி வாசிக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் கையைத் தூக்கி மறிப்பார். “வாசிச்சு முடிக்கட்டும்யா. அப்புறம் சண்டை போடுவோம்.” அவருக்குப் பிடிக்காத செய்தியாக இருந்தாலும் அதே சட்டம்தான். முகம் கறுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் எழுந்து நின்று பேசுவார்.

அவருக்கு எதிர் பெஞ்சில் வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் ஊரில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நெற்றியில் ஒற்றைத் திருச்சூர்ணம். ஒன்பதரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஏன் எட்டு மணிக்குள் வந்து இறங்குகிறார் என்று அவர் வீட்டில் கேட்டார்களோ என்னவோ, எங்களுக்குத் தெரியும். மாமாவிடம் சண்டை போடத்தான்.

அந்த வருடம் ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. கடை இரண்டாகப் பிரிந்தது. ஏழைக்குப் போய்ச் சேரட்டுமே, இதில் என்ன தப்பு என்றார் வாத்தியார். பிறப்பைச் சொல்லி ஒதுக்கிவைத்தவன் இன்று சம்பளச் சீட்டைக் கேட்கிறான் என்றார் மாமா. மாதக்கணக்கில் நடந்தது இந்த வழக்கு. ஜவஹர் மைதானத்தில் யார் பேசினாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் பிரித்து மேய்வார்கள். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது இரண்டே இடம். அதில் ஒன்று எங்கள் பக்கத்துச் சிவகாசி. வரம்பு ஆணை போனது, 31 விழுக்காடாக இருந்த இடஒதுக்கீடு 50 ஆனது. அந்தச் செய்தியை நான் வாசித்து முடித்த காலையில் வாத்தியார் எல்லோருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார். “நான் போட்ட கணக்கு வேற, ஊர் போட்ட கணக்கு வேற” என்றார். மாமா டீயை வாங்கிக்கொண்டு, “வாத்தியாரே, உங்க மனசு நல்ல மனசு, கணக்குதான் தப்பு” என்றார்.

இதை எழுதும்போது மனசு குளிர்கிறது. ஆனால் அந்தக் கடையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் பாதிதான் வாசித்தவனாவேன்.

கடைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவருக்குப் பெஞ்சு கிடையாது. கடையின் ஓரத்து ஆணியில் அவருக்கும் அவர் தெருக்காரர்களுக்கும் என்று தனியாக இரண்டு கிளாஸ் தொங்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். நான் வாசிக்கையில் மாமா அடிக்கடி, “சத்தமா வாசி” என்பார். பெஞ்சில் இருப்பவர்களுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் புரிய இரண்டு மூன்று வருடம் ஆனது. அந்த ஆணியைப் பிடுங்க அவர் கடைக்காரரிடம் போட்ட சண்டையில் பெஞ்சுக்காரர்கள் பாதிப்பேர் அவர் பக்கம் நிற்கவில்லை. என் அப்பாவும் பேசாமல் இருந்தார். இடஒதுக்கீட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய கடை அது.

ஆண்டாளைப் பற்றியும் அங்கே சண்டை நடந்திருக்கிறது. ஒரு மார்கழியில், ஆண்டாள் என்று ஒருத்தி இருந்ததே இல்லை, பெரியாழ்வாரின் கற்பனை என்று மாமா சொல்லிவிட்டார். வாத்தியார் துடித்துப்போனார். “யார் சொன்னது?” “உங்க ராஜாஜியே சொல்லியிருக்காரு.” வாத்தியாருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ராஜாஜி அப்படி ஒரு கருத்தை எழுதியது உண்மைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொன்னார். அங்கேதான் என் ஆச்சி வீடு என்பதால் எனக்கும் வசதி. பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பயணத்தில் எங்கிருந்து கோபுரம் தெரிகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். பதினொரு நிலை, 192 அடி. அன்று அவர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை. பென்னிங்டன் நூலகத்துக்குக் கூட்டிப்போனார். 1875இல் தொடங்கியது அது. ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, கலெக்டர் பென்னிங்டன் பெயரில் ஊர்ப் பெரியவர்கள் உண்டாக்கினார்கள். வாத்தியார் பழைய புத்தகங்களை எடுத்துப்போட்டு மத்தியானம் வரை குறிப்பெடுத்தார். நாச்சியார் திருமொழி 143 பாசுரம், திருப்பாவை 30, இரண்டிலும் தன் பெயரை அவளே எப்படிச் சொல்கிறாள், பெரியாழ்வார் நடைக்கும் அவள் நடைக்கும் என்ன வித்தியாசம் என்று ஆறு பக்கம். திங்கட்கிழமை காலையில் பேப்பருக்குப் பதில் அந்த ஆறு பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னார். மாமா கடைசி வரை கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் ஆண்டாளுக்கு இப்படியும் ஒரு தடம் உண்டு. தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த ராஜபாளையத்தில் வாழ்ந்த மு.கு. ஜகந்நாத ராஜாதான், கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையை வைத்துத் தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்காக சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். விஜயநகரத்துக்காரரின் தெலுங்கு ஆண்டாள் எங்கள் ஊர் வழியாகத்தான் தமிழில் வீடு திரும்பினாள் என்று வாத்தியார் பெருமையாகச் சொல்வார்.

அந்தக் கடைப் பேச்சு எப்போது செத்தது என்று கேட்டால் 1997 என்பேன். விருதுநகர்ப் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திர குல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் சிலர் கிளம்பினார்கள். எங்கள் சுற்றுப்பட்டியிலும் தென்மாவட்டங்களிலும் வெட்டும் தீவைப்பும் நடந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு, போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. எங்கள் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. அந்த மாதங்களில் டீக்கடையில் பேப்பரை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. அவரவர் மனசுக்குள் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்கள். எதிரே இருப்பவன் யார், அவன் ஆள் யார் என்று பார்த்துத்தான் பேச்சு. வேப்பமரத்தடிக்காரர் வருவதே நின்றுபோனது.

பிறகு நான் வேலைக்காக மதுரைக்குப் போய்விட்டேன். வாத்தியார் போனார். சில வருடத்தில் மாமாவும் போனார்.

2018 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி 23. ராஜபாளையத்தில் தினமணி நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையை வாசித்தார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. மதுரையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டே முழுதும் படித்தேன். ஆண்டாளின் தமிழைக் கொண்டாடுகிற எழுத்து அது. நடுவில் ஓர் ஆங்கில நூலிலிருந்து ஒரு மேற்கோள். ஆண்டாள் திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்று பொருள்படும் ஒரு வரி.

அந்த வரி பிடித்துக்கொண்டது. பா.ஜ.க.வின் எச். ராஜா கடுஞ்சொற்களால் தாக்கினார். ஊர் ஊராகப் புகார் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மணவாள மாமுனிகள் மடத்து ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று ஒருநாள் பேசினார், பிறகு அதற்கு வருத்தம் தெரிவித்தார். வைரமுத்து வருத்தம் சொன்னார். தினமணியும் வருத்தம் தெரிவித்தது, அதன் ஆசிரியர் வைத்தியநாதன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். வைரமுத்து மீதான வழக்குக்கு ஜனவரி 19இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது.

எனக்கு இதில் இருக்கும் ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக வெளியீடு என்று சொல்லப்பட்ட அந்த நூல் சுபாஷ் சந்திர மாலிக் தொகுத்தது. அதை 1978இல் வெளியிட்டது நம் சிம்லாவில் இருக்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம். எடுத்தாண்டவர் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும், அச்சிட்ட பத்திரிகையும் சரிபார்த்திருக்க வேண்டும். ஓர் ஊரே தாயாக நினைக்கிறவளைப் பற்றி ஒரு கருத்தை எடுத்துப்போட்டால், அதற்கு என்ன ஆதாரம், மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். கணக்கன் எழுதிய பத்திரிகைக்கு அந்தப் பொறுமை புதிதல்ல. மன்னிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் அறிஞர்கள் இரண்டு பக்கமும் எழுத நடுப்பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கலாம். எதிர்த்தவர்களிலோ கட்டுரையை முழுதாகப் படித்த ஒருவரை நான் பார்க்கவில்லை. நான் கேட்ட எல்லோரும் அந்த ஒரு வரியைப் போனில்தான் பார்த்திருந்தார்கள்.

அந்தத் தையில் ஆச்சி வீட்டைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் பூக்கட்டும் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். அவருடைய அம்மாவுக்கு ஒரு ஜமீன் கிராமத்துக் கோயிலில் பொட்டுக்கட்டித் தேவதாசி ஆக்கியிருந்தார்கள். அந்த வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த போராட்டம் 1947இல் சட்டமானபோது பாட்டிக்குப் பத்துப் பதினொரு வயது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் தனக்கும் கட்டியிருப்பார்கள் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பூத்தொடுத்துப் பிழைத்தார். மார்கழி முப்பது நாளும் விடியுமுன் கோயிலில் நிற்பார். ஆண்டாள் கையில் தினமும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியை, மாதுளம்பூ மூக்கு முதல் வால் வரை, பார்க்காத ஆளுக்கும் கண்ணில் காட்டுவதுபோல் சொல்லுவார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் நான்கு கட்டத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர், எங்கள் தாயைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லலாமா என்றார். இன்னொருவர், அது அந்தக் காலத்தில் உயர்ந்த வார்த்தை என்றார். பாட்டியின் கை நாரிலேயே நின்றது.

“ஏய்யா, எங்கம்மா பேரு வசவாய்யா?”

நான் என்ன சொல்ல? டிவியை அணைத்தேன். கட்டுரை வந்த பேப்பரை மடித்துப் பையில் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, “அதையா சொல்றாக? வாசி கேப்போம்” என்றார். நான் தயங்கி அந்த வரிக்கு முன்னால் நிறுத்தினேன். “நிறுத்தாத. முழுசா வாசி. சத்தமா வாசி” என்றார். முழுதும் வாசித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை அவர். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பூவைத் தொடுத்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்காரு. அந்த ஒரு இடம் தப்பு. ஆண்டாள யாரும் பொட்டுக்கட்டி விடல, அவளே பெருமாளத்தான் கட்டுவேன்னு நின்னா. எங்கம்மாவுக்கு அப்பிடிச் சொல்ல வாய் கெடையாது. ஆனா இவுக கத்துறது ஆண்டாளுக்காக இல்லய்யா. எங்கம்மாவ மாதிரி ஒருத்தி பக்கத்துல அவ பேரு வந்துட்டா தீட்டுன்னு கத்துறாக.”

இதைவிடத் தெளிவான ஒரு தலையங்கத்தை அந்த ஒரு மாதத்தில் நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

பாட்டி 2021இல் ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம் இறந்தார். அந்தத் தெருவுக்கு 2018 ஜனவரியில் கேமராக்கள் வந்து போயின. ஒருவரும் அவர் வீட்டுத் திண்ணையில் நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.