பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு சீட்!

"தனியாவா போற?" என்று அம்மா மூன்று முறை கேட்டார். கூட வருவதாகச் சொன்ன தோழிக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல், வாடகை காரில் நான் மட்டும். இரண்டு ஊர்களிலும்தான் மேஜர் லீக் பேஸ்பாலின் மிகப் பழைய மைதானங்கள் இருக்கின்றன.

பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912-ல் திறக்கப்பட்டது. அங்கே பச்சை சீட்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு சீட். 1946-ல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து விழுந்த இடம் அது. அந்த ஒற்றை சீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆனாலும் அன்றிரவு மோட்டல் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு அழுதேன்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருந்தது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவே மொத்தக் கூட்டமும் எழுந்து பாடியது. எனக்கு வரிகள் தெரியாது. பக்கத்து சீட் பாட்டி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

"யாருடன் வந்தாய்?"

"தனியாகத்தான்."

"நானும்தான்" என்று சிரித்தார்.

அன்றிரவு நாற்காலியை நகர்த்தவில்லை. தாழ்ப்பாளே போதுமாக இருந்தது.