உயிலங்குளம் வீதியில் கற்கும் வடிவமைப்புப் பாடம்

வரைகலை வடிவமைப்புப் பயிலும் இளம் சகோதரிகள் சிலர் ஒரு குறையை அடிக்கடி சொல்வார்கள். "நல்ல இலச்சினை, நல்ல அச்சு, அழகான வாழ்த்து மடல் எல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும்தானே இருக்கின்றன? எங்கள் ஊரில் பார்த்துப் படிக்க என்ன இருக்கிறது?" என்பது அவர்களின் கேள்வி. அவர்களை மன்னாரிலிருந்து உயிலங்குளம் வரை ஒருமுறை பஸ்ஸில் வந்து பார்க்கும்படி அழைக்கத் தோன்றுகிறது. தூரம் அதிகமில்லை. ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை, கையில் ஒரு கொப்பி, ஒரு பென்சில், இவை போதும்.

மன்னார் தீவை விட்டதும் தாம்போதி வருகிறது. இருபுறமும் ஆழமில்லாத நீர். இந்தப் பகுதியை அடுத்துள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரி காலத்தில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. நீரில் நிற்கும் ஒரு பூநாரையை உற்றுப் பாருங்கள். வளைந்த கழுத்துக்கு ஒரு கோடு, நீண்ட காலுக்கு ஒரு கோடு. அவ்வளவில் பறவை அடையாளம் தெரிந்துவிடும். குறைந்த கோட்டில் நிறைந்த பொருள் தருவதே இலச்சினையின் முதற் பாடம்.

தாம்போதியைத் தாண்டித் தள்ளாடிச் சந்திக்கு வந்தால், ஒரு பக்கம் திருக்கேதீச்சரம் இருக்கும் மாந்தை. பழைய நாளில் மாதோட்டம் என்ற பெருந்துறை இங்கேதான் இருந்தது. துறைமுகம் என்றால் நாணயமும் இருக்கும். யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயத்தை நூதனசாலையிலோ படத்திலோ நம்மில் பலர் பார்த்திருப்போம். அமர்ந்திருக்கும் ஓர் எருது, அதனோடு 'சேது' என்று தமிழில் ஒரே ஒரு சொல். தலைமன்னாருக்கு அப்பால் கடலில் நீளும் மணல் திட்டுகளை நினைவூட்டும் சொல் அது. ஒரு படம், ஒரு சொல், யாருடைய காசு என்று எவருக்கும் விளங்கும். இன்றைய பெரிய நிறுவனங்களின் இலச்சினைகளும் இதே முறையில்தான் செய்யப்படுகின்றன.

அடுத்து உயிலங்குளம். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளையும் பூமி இது. வயல் வரம்புகள் கட்டம் கட்டமாகப் பிரிந்து செல்வதைப் பார்த்தால், ஒரு பக்கத்தை எப்படிப் பிரித்து எழுத்தையும் படத்தையும் வைப்பது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. கட்டுக்கரைப் பகுதியில் 2016ஆம் ஆண்டு பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழ்வாய்வில் சுடுமண் உருவங்கள் கிடைத்தன. இந்த மண்ணில் உருவம் செய்யும் கை புதிதாக வந்ததல்ல.

ஆனால் உயிலங்குளம் என்றதும் வயதானவர்களுக்கு நினைவு வருவது வயல் அல்ல, கடவை. போர்க்காலத்தில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் வன்னிக்கும் இடையே இருந்த சோதனைக் கடவைகளில் இதுவும் ஒன்று. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினரும் அங்கே பணியாற்றினார்கள். வெள்ளைத் தளத்தில் ஒரு சிவப்புச் சிலுவை. 1864இல் ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாளம் அது. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டால் கிடைப்பது. வரைவதற்கு ஒரு நிமிடம் போதும். அதன் மதிப்பு கோட்டில் இல்லை, அது தரும் வாக்குறுதியில் இருக்கிறது. அதனால்தான் கண்டவர்களெல்லாம் அதைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு, கண்ணிவெடி அகற்றப்பட வேண்டிய வடபகுதி நிலங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. விறகு பொறுக்கப் போன பெண்ணையும் மாடு தேடிப் போன பிள்ளையையும், எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், "நில்" என்று தடுத்தவை அவை. வடிவமைப்பு அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீதியோரத்துப் பனைகளுக்கும் அச்சுக்கும் உறவு உண்டு. நமது எழுத்து பல நூற்றாண்டுகள் பனையோலையில் வாழ்ந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் பழைய ஏடுகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. எழுதும் பொருள்தான் எழுத்தின் உருவைத் தீர்மானிக்கிறது. பின்னர் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழில் அச்சாகியது. ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்த இந்த எழுத்தையே ஆராய்ந்த ஒரு மாணவர்தான், இந்திய ரூபாய்க்கு இன்றுள்ள குறியீட்டைத் தந்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துப் பற்றி ஆய்வு செய்துவந்தவர். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்து அவர் வரைந்த குறியீடு 2010 ஜூலையில் தெரிவாகியது. சொந்த எழுத்தை ஊன்றிப் படித்த கண், வேறு எழுத்துகளிலும் அழகைக் கண்டுபிடித்தது.

வாழ்த்து மடலுக்கு வருவோம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு முதல் நத்தார் வாழ்த்து மடலை அச்சிட்டார். நடுவில் குடும்பமாக விருந்துண்ணும் காட்சி. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். இன்னொரு கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் நலிந்த செக்கோஸ்லோவாக்கியாவில் ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, தன் கிராமத்துக்கு யுனிசெப் செய்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்தாள். அதில் பிள்ளைகள் ஆடிப்பாடினார்கள். அந்தப் படம் 1949இல் யுனிசெப்பின் முதல் வாழ்த்து மடலாகியது. பிற்காலத்தில் இத்தகைய மடல்கள் விற்ற பணம் உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவியது.

போர் கண்ட கிராமத்துப் பிள்ளையின் கையிலிருந்து அது வந்ததென்றால், உயிலங்குளத்திலிருந்தும் வரலாம் அல்லவா? நத்தார் மடலுக்குப் பனிமூடிய மரம் எதற்கு? மன்னாரின் பெருக்குமரமும் கழுதைக்குட்டியும் போதாதா? பொங்கல் மடலில் கட்டுக்கரை நீர் பாய்ந்த வயலையும், ரமழான் மடலில் கடலோரத்துப் பிறையையும் வரையலாம். சாயமிட்ட பனையோலையைச் சிறு வடிவங்களாக வெட்டி அட்டையில் ஒட்டினால், பெட்டி இழைக்கும் தாய்மாரின் கைவேலையும் மகளின் படிப்பும் ஒரே மடலில் சேரும். தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் உள்ள இந்தப் பகுதிக்கு அது ஒரு சிறு வருமானமும் ஆகும்.

அப்படிச் செய்யும்போது அந்தக் கடவையின் பாடத்தை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் மடலின் பின்புறம் நீங்கள் இடும் சிறு இலச்சினையும் ஒரு வாக்குறுதிதான். ஓலை நல்ல ஓலை, சாயம் கழராத சாயம், செய்தவளுக்கு உரிய கூலி கிடைத்தது என்று அது சொல்லட்டும். அந்த வாக்கைக் காப்பாற்றினால், கோடு எளிமையாக இருந்தாலும் மக்கள் அதைத் தேடி வாங்குவார்கள்.