எழுத்தில் நடக்கும் தெரு

தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து மேற்கே நடந்தால் ஓவர்பிரிட்ஜ். அங்கிருந்து தெற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே தேங்காய் உடைபடும் சத்தம். பழவங்காடி பிள்ளையார் கோயில் வந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் தாண்டினால் கிழக்கே கோட்டை. வலது பக்கம் பத்மநாப சுவாமி கோயில், இடது பக்கம் சாலைக் கம்போளம்.

திருவனந்தபுரத்தை எட்டிக்கூடப் பார்க்காத தமிழர்கள் பலர் இந்தக் கம்போளத்தில் நடந்திருக்கிறார்கள். அங்கே கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் (2021இல் காலமானார்), தன் கதைகளில் அந்தத் தெருவை வெறும் எழுத்தாலேயே கட்டி வைத்துவிட்டுப் போனார். ஒரே குறை, வாசகர் அங்கே யாரிடமும் பேரம் பேச முடியாது.

பேரம் பேசலாம், சண்டை போடலாம், சாகக்கூடச் செய்யலாம் என்று ஓர் எழுத்து ஊர் இருந்தால்? 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் கம்ப்யூட்டரில் அதைத் தொடங்கினார். சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். பெயர் 'மட்'. பலர் சேர்ந்து நுழையும் பாதாளச் சிறை என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் சேறு என்றும் பொருள். பிள்ளைகள் இரவெல்லாம் அதில் கிடப்பதைப் பார்த்த பெற்றோருக்கு இரண்டாவது பொருள்தான் பொருத்தமாகப் பட்டிருக்கும்.

திரையில் படம் கிடையாது. 'பாலத்தின் மேல் நிற்கிறீர்கள். வடக்கிலும் தெற்கிலும் தெருக்கள்' என்று ஆங்கிலத்தில் வாக்கியம் வரும். 'வடக்கு' என்று டைப் செய்தால் அடுத்த தெரு. அங்கே ஒரு மந்திரவாதி நிற்பார். அவர் ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவராக இருக்கலாம். 1991இல் தொடங்கி இன்றும் ஓடும் 'டிஸ்க்வேர்ல்ட்' ஆட்டத்தில், டெர்ரி பிராட்செட் நாவல்களில் வரும் ஆங்க்-மார்ப்போர்க் நகரமே தெருத் தெருவாக இருக்கிறது. செத்தவர் ஆவியாகத் திரிந்து, தன்னை எழுப்பிவிடப் பூசாரியைத் தேட வேண்டும்.

பிறந்த வர்க்கத்தை உதறிவிட்டு வேறொருவராக இருந்து பார்க்க ஓர் இடம் வேண்டும், அதுதான் நோக்கம் என்று பார்ட்டில் பின்னாளில் சொன்னார். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது, கையைக் கடிக்காத இணைப்பு எழுத்து மட்டுமே காட்டியது. இந்த ஆட்டத்துக்கு அதுவே போதும். பிறகு படம் காட்டும் ஆட்டங்கள் வந்தன, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

போகாமல் தங்கியவர்களில் பார்வையற்றோர் முக்கியமானவர்கள். திரையில் வருவதை உரக்கப் படிக்கும் மென்பொருள் இருந்தால், கண் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே வாக்கியம் அவர்களுக்கும் கிடைக்கிறது. வழுதக்காட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கும் திருவனந்தபுரத்துக்கு இது சின்ன விஷயமல்ல. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை, ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைக்க, 2001இல் உருவானதும் இதே நகரில்தான். 'ஆர்க்கா', 'என்விடிஏ' போன்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருள்களுக்கு இன்று காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் முழுச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. சண்டை மூண்டால் வரிகள் மளமளவென்று ஓடும். கண் அவற்றை மேய்ந்துவிடும், காது ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும். கோடும் நட்சத்திரமுமாக அடுக்கிக் காட்டும் வரைபடம் காதில் வெறும் உளறல். சில ஆட்டங்கள் அதை வாக்கியமாக மாற்றிச் சொல்கின்றன. ஆங்கிலம் இன்னொரு மதில்.

வழி விஷயத்தில் மட்டும் கதை தலைகீழ். கண் உள்ளவர் காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு திணறுவார். தேங்காய்ச் சத்தத்தை வைத்துப் பழவங்காடியைக் கண்டுபிடிப்பவருக்குத் தெருக்களை மனசில் அடுக்குவது தினசரி வேலை.

ஆங்க்-மார்ப்போர்க்கில் திசை தெரியாமல் முழிக்கும் புதியவருக்கு 'வடக்கே இரண்டு தெரு, அப்புறம் கிழக்கு' என்று யாரோ டைப் செய்கிறார். சொன்னவருக்குக் கண் தெரியுமா என்று புதியவருக்குத் தெரியாது. விசாரிக்க நேரமும் இல்லை. பின்னால் ஒருவன் கத்தியோடு வந்துகொண்டிருக்கிறான்.