ஊர்க்கூத்தும் உயர்கல்வியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். நாம் பயிற்றப்பட்ட ஆசிரியரேயன்றிப் பட்டதாரி அல்லோம். எனினும், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நமக்குக் கற்பித்த பாடத்தை ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

நம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த அவன், சென்ற விடுமுறையில் பெரியகல்லாற்றிலுள்ள நம் இல்லத்துக்கு வந்தான். "சேர், தமிழைச் சிறப்புப் பாடமாக எடுக்க மனமில்லை. நீங்கள் தந்த குறிப்புக் கொப்பியைப் பாடமாக்கியது போலவே அங்கும் பாடமாக்குகிறேன். வேறு விதமாகப் படிக்கத் தெரியவில்லை" என்றான். அவன் குறை கூறினானல்லன், உண்மையையே கூறினான். அதனாலேயே அது நெஞ்சைச் சுட்டது. அவன் பெற்ற 'ஏ' சித்தியை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர் நாமல்லவா?

மாணவர் ஆர்வத்தை எழுப்புவது எங்ஙனம் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கூத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதோடு அமைந்தாரல்லர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவருக்கு ஆடலும் பாடலும் பயிற்றுவித்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை' என்பன மேடையேறின. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, சுருக்கமும் செறிவும் பெற்று நவீன அரங்குக்கு வந்தது. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து பேராசிரியராக விளங்கினார்.

இவற்றைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவன், "எங்கள் அம்மப்பாவும் வடமோடியில் தருமராக ஆடியவர், சேர்" என்றான். ஈராண்டு நம் வகுப்பிலிருந்தவனிடம் இதை ஒருநாளேனும் கேட்டோமில்லை! வடமோடிக்கும் தென்மோடிக்குமுள்ள வேறுபாட்டை எண்ணிட்டு எழுதுவித்தோம். ஒரு தாளக்கட்டையேனும் காதாற் கேட்பித்தோமில்லை.

மறுநாள் அப்பெரியவரிடம் இருவரும் சென்றோம். அவர் திண்ணையிலே தட்டித் தாளஞ் சொல்ல, பேரன் கேள்விமேற் கேள்வி தொடுத்தான். நாமும் அருகே மாணவராய் அமர்ந்திருந்தோம்.

அவன் சிறப்புப் பாடத்தை எடுப்பானோ, அறியோம். ஆயினும் நம் வகுப்பிலே இப்போது வாரத்தில் ஒரு பாடவேளை கொப்பிகள் மூடப்படுகின்றன. ஆசிரியத் தொழிலிலுள்ள பழைய மாணவ நண்பர்களும், "உன் வீட்டிலே பாடுபவர் யார்? ஆடுபவர் யார்?" என்று தத்தம் மாணவரை ஒருமுறை வினவிப் பார்ப்பார்களாக.